ஞானமுத்து அண்ணாச்சியின் துளை அட்டைகள்

சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது கம்பவுண்டர் பரமசிவம் வந்து வாசலிலேயே நின்றார். "மதினி, ஞானமுத்து அண்ணாச்சி ராயகிரியில காலைல போயிட்டாகளாம்" என்றார். பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குத்தான் அழுவது? அலுப்புதான் வந்தது.

சங்கரன்கோவிலில் அந்தப் பத்துக் கட்டில் ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை பார்த்தவர்களும், அவர் ஆள் விட்டுக் கூப்பிட்டதும் ஓடி வந்து ரத்தம் கொடுத்தவர்களும் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர் அங்கே கிளார்க், நான் ஆயா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அப்போது நம் ஊரில் ரத்தத்தைச் சேர்த்து வைக்க வசதி கிடையாது. வேண்டிய நேரத்தில் ஆளைத்தான் தேட வேண்டும். பம்பாயில் ஏதோ ஒரு ஆபீசில் பார்த்ததை வைத்து அண்ணாச்சி ஒரு வழி செய்தார். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அவரும் நானுமாக ஆளைக் கேட்டு எழுதுவோம். அட்டையின் ஓரம் முழுக்கத் துளைகள். ஒரு துளை ஒரு கேள்வி. 'ஆம்' என்றால் அந்தத் துளையை விளிம்பு வரை கத்திரித்து விடுவோம். அட்டைகளை அடுக்கி, வேண்டிய துளையில் ஒரு குடைக்கம்பியைக் கோத்துத் தூக்கினால் 'ஆம்' எல்லாம் கீழே விழும். மற்றவை கம்பியில் தொங்கும். பி குரூப்பும் வேண்டும், உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டும் என்றால், விழுந்ததை எடுத்து அடுத்த துளையில் மறுபடி கோக்க வேண்டும். போன மூன்று மாதத்தில் ரத்தம் கொடுத்தவர் வேண்டாம் என்றால், அந்தத் துளையில் விழுந்ததைத் தள்ளிவிட்டுத் தொங்குவதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

"கம்பியிருக்கு, அட்டையிருக்கு, கிளி எங்க வே?" என்று பரமசிவம் கேலி செய்வார்.

"கிளி ஆளைப் பாத்துச் சீட்டு எடுக்கும். கம்பிக்கு மூஞ்சி தெரியாது" என்பார் அண்ணாச்சி.

ஒரு வருஷம், ஆடிச்சுற்று என்று கோயிலைப் பலமுறை சுற்றி விரதம் இருந்த நெசவாளர் ஒருவர் ரத்தம் கொடுக்கப் படுத்தவர் மயங்கிவிட்டார். அன்றைக்கே அண்ணாச்சி எல்லா அட்டையிலும் விரதத்துக்கு என்று ஒரு துளை கூட்டினார்.

மறு வருஷம் ஆடித் தபசுத் திருவிழா அன்று மத்தியானம் என் மகள் முத்துக்கனிக்குப் பிரசவம் ஆனது. குழந்தை நன்றாக இருந்தது. மகளுக்கு ரத்தம் நிற்கவில்லை. பி குரூப். "ஒரு மணி நேரத்துக்குள்ள ஆள் வேணும்" என்றார் டாக்டர். அண்ணாச்சி என்னை உட்காரச் சொன்னார். நான் கேட்கவில்லை. நானே கம்பியைக் கோத்தேன். பி குரூப், உள்ளூர், சமீபத்தில் கொடுக்காதவர், விரதம் இல்லாதவர். மூன்று அட்டை மிஞ்சியது. பரமசிவம் சைக்கிளில் பறந்தார்.

மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேர் நெற்றியிலும் விபூதி, காலெல்லாம் புழுதி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு கோயிலைச் சுற்றியவர்கள். முதல் ஆள் கட்டிலில் உட்கார்ந்ததுமே கண் சொருகியது. "இவங்ககிட்ட எடுக்க முடியாது" என்று டாக்டர் உள்ளே முத்துக்கனியிடம் போய்விட்டார்.

அண்ணாச்சி அந்த மூன்று அட்டைகளையும் பார்த்தார். மூன்றும் தை மாதத்தில் நான் எழுதியவை. ஆடிக்கு ஆறு மாதம் இருக்கிறதே, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விரதத்தைப் பற்றி நான் கேட்காமலே விட்டிருந்தேன். கத்திரிக்காத அட்டை, விரதம் இல்லாதவர் அட்டை போலவே கம்பியில் தொங்கத்தானே செய்யும்?

அண்ணாச்சி கம்பியை வாங்கிக்கொண்டு, "ஊர்த் துளைய விட்டுரு. இன்னைக்கு எல்லா ஊரும் இங்கனதான கெடக்கு" என்றார். குருவிகுளமும் பனவடலிசத்திரமும் தெருவில் திருவிழாக் கூட்டமாக நிற்கும்போது நான் உள்ளூர் அட்டைகளை மட்டும் தேடியிருக்கிறேன். ஊரைப் பாராமல் கோத்ததும் கூடுதலாக ஐந்து அட்டை மிஞ்சின. ஐந்து பேரையும் கோயில் மைக்கில் கூப்பிடச் சொன்னார்.

முதலில் வந்தவர் பனவடலிசத்திரம் ஆட்டுக்காரர் சுடலைமுத்து. "யாருக்கு என்னாச்சு? எம் பேரச் சொல்லுதாகளே!" என்று அலறிக்கொண்டு வந்தார்.

"உமக்கு ஒண்ணுமில்ல வே. விரதமா?"

"விரதமா? மூணு எடத்துல அன்னதானம் போட்டாக அண்ணாச்சி. கோயில் நாளும் அதுவுமா பொய் சொல்லக் கூடாது, மூணுலயும் உக்காந்தேன்."

நான் இருந்த நிலையிலும் சிரித்துவிட்டேன். அவர் ரத்தம் பொருந்தியது. பின்னாலேயே இன்னொருவரும் வந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் முத்துக்கனி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அந்த மூன்று அட்டைகளையும் என் முன்னால் போட்டார். "கேக்காம விட்டதும் இல்லைன்னு சொன்னதும் ஒண்ணா, ஏட்டி? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்க ஒனக்கு என்ன கேடு? ஒம் மக உசிரு போயிருக்குமே!" வார்டு முழுக்கக் கேட்டது.

டாக்டர் வெளியே வந்தார். "விடுங்க ஞானமுத்து. அஞ்சாங் கிளாஸ் ஆயா, அவங்களுக்கு என்ன தெரியும்? அட்டையைக் கொடுத்தது உங்க தப்பு."

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "இல்ல சார். இதுல பாதி அட்ட அவ எழுதினது. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டும் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவகிட்டதான ஏன்னு கேக்க முடியும்?"

அதற்குப் பிறகு விரதத்துக்கு இரண்டு துளை வைத்தோம். 'உண்டு' என்றால் ஒன்று, 'இல்லை' என்றால் மற்றொன்று. இரண்டையும் கத்திரிக்காத அட்டை, இன்னும் கேட்காத அட்டை. ஆவணி முழுக்க வெயிலில் தெருத்தெருவாக நடந்து விட்டுப்போனவர்களைக் கேட்டேன். அன்று பிறந்த பேத்தி இந்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். நான் நின்ற இடத்தைத் தாண்டிவிட்டாள். அந்தப் பெருமையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நல்ல ஆயா என்றும், பாவப்பட்ட பொம்பளை என்றும் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் ஞாபகத்தில் நிற்கவில்லை. அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் திட்டு ஒன்றைத்தான். என் தப்பை என்னுடையது என்று சொல்லும் அளவுக்கு என்னை மதித்தவர் அவர் ஒருவர்தான்.