மூன்று மணிக்கு வருகிறவள்

எழுபதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது, வீட்டின் பின்பக்கம் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறியின் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. மத்தியானம் மூன்றிலிருந்து நாலு வரை மட்டும், நூல் மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுதுவேன். எழுத வந்தாலும் வராவிட்டாலும் தினம் ஒரு பக்கம். தூங்குகிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் இல்லையென்று சொல்லவில்லை.

கிணற்றில் விழுந்து செத்த ஒருத்தியின் கதை. எல்லாம் எழுதியாகிவிட்டது. எதற்கு விழுந்தாள் என்பதை மட்டும் அவள் சொல்ல மாட்டேன் என்றாள். அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்கில் முட்டிமோதிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் திடீரென்று கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அந்த அமைதியில் ஒரு பெண் குரல், "உள்ள குளுருது, யாராவது தூக்கி விடுங்க" என்று கெஞ்சியது. அறையைச் சுற்றிப் பார்த்தேன், வேறு யாரும் இல்லை. பேசியது என் வாய்தான். எழுதும்போது வாய்விட்டுப் பேசுகிறேன் என்பதே தறிச் சத்தத்தில் எனக்கு அதுவரை தெரியாது. கதவைத் திறந்தால் வெளியே மாமியார் நிற்கிறார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! பேய் பிடித்தவர்களைக் கோயிலில் அம்மன் சந்நிதி முன்னாலுள்ள சக்கரக் குழியில் உட்கார வைப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையே என்னையும் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒருத்தி தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தாள். கதை எழுதினேன் என்று சொன்னால் நோட்டு அடுப்புக்குப் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னட்டி வேணும் ஒனக்கு?" என்று மாமியார் எனக்குள் இருந்த பேயைக் கேட்டார்.

"மூணு மணிக்கு ஒரு மணி நேரம் என்னைத் தனியா விடணும். யாரும் கதவத் தட்டக் கூடாது" என்றேன், பேயாகவே.

அன்றிலிருந்து அந்த நேரத்தில் ஈ காக்கை அந்தப் பக்கம் வரவில்லை. பேய்க்குக் கிடைத்த மரியாதை மருமகளுக்குக் கிடைத்திருக்குமா?

அதில் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. வரி வராத சலிப்பு வேறு. ஒரு நாள்தானே என்று அறையைப் பூட்டிவிட்டுக் கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்தால், மாமியார் முகம் வெளிறி, அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏட்டி, நீ இல்லாமலும் அவ மூணு மணிக்கு வந்துட்டா. கரண்ட் போய்த் தறி நின்ன நேரம், பூட்டுன ரூமுக்குள்ள அழுதா. 'நான் சாகப் போகல, தண்ணி எடுக்கத்தான் போனேன்'னு சொன்னா."

மாமியாருக்கு எழுத்து வாசனையே கிடையாது. நோட்டில் அந்த வரியும் கிடையாது. நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கேட்க நான் இல்லை.

மறுநாள் இரண்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.