ஜெனிஃபர் எழுதிய நாலு வரி

இங்கிலீஷ் நையாண்டிக் கவிதை நடத்துவதில் ஒரே ஒரு ஆபத்துதான்: யாராவது அதைப் புரிந்துகொண்டுவிடுவது. பாதிரியார், வக்கீல், அரசியல்வாதி மூவரையும் கிண்டலடிக்கும் பழைய பாட்டுகளைச் செங்கல்பட்டு பக்கம் ஒரு கல்லூரியில் வருஷா வருஷம் நடத்துகிறேன். சக வாத்தியார்களே, உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகள் நோட்ஸ் கேட்பார்கள், கொடுப்போம், எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவோம்.

சுவர்

ஒருமுறை, "நீங்களே நாலு வரி எழுதி வாங்க" என்றேன். எழுதி வந்தது ஜெனிஃபர் மட்டும். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு காலனியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். அம்மாவுக்குப் பஞ்சாயத்தில் துப்புரவு வேலை, தற்காலிகம்.

பரலோகத்தில் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் செய்கிற ஃபாதர், கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துச் சுவர் வைத்திருக்கிறாரே, உயிர்த்தெழும் நாளில் எங்கள் ஆட்கள் அதை ஏறிக் குதிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாள். ரைமிங் கச்சிதம். வகுப்பே சிரித்தது. நல்ல கற்பனை என்று பாராட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"கற்பனை இல்ல மிஸ். எங்கப்பா அந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் கீறாரு."

உருவகம்

அவள் சம்மதத்தோடு கல்லூரி மலரில் அச்சிட்டோம். மலர் வெளிவந்த கையோடு சர்ச் கமிட்டிக்காரர்கள், மத உணர்வு புண்பட்டது என்று ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார்கள். அவளை அழைத்துக்கொண்டு கோர்ட் எதிரே ஒரு வக்கீலிடம் போனேன்.

கவிதையை இரண்டு முறை படித்தார். "சுவர்னு சொன்னது மனசுல இருக்கற சுவரை. வெறும் உருவகம். அப்படி எழுதிக் குடுத்துடும்மா."

"அது செங்கல்லு வெச்சுக் கட்டுன செவுரு சார். வந்து பாருங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "பார்த்துட்டா அப்புறம் உனக்காக நான் எப்படிம்மா பொய் சொல்றது?"

வாழ்த்து

போலீஸ் ஜெனிஃபர் வீட்டுக்கு வந்து போனது. விவகாரம் முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று பஞ்சாயத்தில் அவள் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் வட்டாரக் கட்சிப் பிரமுகர் ஒருவர் பிரின்சிபால் அறைக்கு வந்து என்னையும் ஜெனிஃபரையும் அவள் அம்மாவையும் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, இங்கிலீஷ்ல ரைமிங்கா எழுதறியாமே? தலைவர் பொறந்தநாளுக்கு நாலு வரி எழுதிக் குடு. புகாரை வாபஸ் வாங்க வெக்கறேன், அம்மாவும் வேலைக்குப் போவட்டும்."

அம்மா கதவோரம் நின்றிருந்தாள். தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிஃபர் என்னிடம் பேனா கேட்டாள். நின்றபடியே எழுதினாள். தலைவர் சூரியன், கடல், கலங்கரை விளக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஃப்ளெக்ஸ் ஏறியது, புகார் இறங்கியது.

பிரமுகர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "பாருங்க டீச்சர், பொண்ணுக்கு நல்லதா எழுதவும் வருது. நீங்கதான் தப்பான ரூட்ல வுட்டீங்க."

பஸ் ஸ்டாண்ட்

போன மாதம் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். டிகிரி முடித்துவிட்டாள். இப்பவும் எழுதுகிறாயா என்று கேட்டேன்.

"எழுதறேன் மிஸ். கட்சில எந்த விசேஷம்னாலும் இங்கிலீஷ் வாழ்த்து நான்தான். அம்மா வேலைய பர்மனென்ட் பண்ணிட்டாங்க." பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பினாள். "கிண்டலா எழுதலாம்னு உக்காந்தா மட்டும் கை ஓட மாட்டேங்குது மிஸ்."

நான் சொல்லிக்கொடுத்தது நையாண்டி. ஊரில் ஆள் எடுப்பது வாழ்த்துக்கு.