எழுத்து நேராகத் தெரிந்த பதிப்பு

பெரம்பலூரில் என் வீட்டு மாடி அறையிலிருந்து ஒரு மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறேன். பெரிய வீடியோவைச் சிறியதாக்கும், ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் இலவச மென்பொருள் அது. அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யாரும் திருத்தம் அனுப்பலாம். பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்கிறோம். நான் அதில் போய்ச் சேர்ந்ததற்கு என் அக்காதான் காரணம்.

அக்கா அரியலூரில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியை. அவள் காட்டும் பாட வீடியோக்களின் அடியில் தமிழ் எழுத்து ஓடும். பள்ளிக் கணினி பழையது என்பதால், நான் சொல்லிக் கொடுத்தபடி இந்த மென்பொருளில் சுருக்கித்தான் வகுப்பு டிவியில் ஓட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோனை நீட்டினாள்.

"இதைப் பாருடி. யானைன்னு எழுதச் சொன்னா இப்படி எழுதியிருக்கா."

ஒரு சிறுமியின் கையெழுத்து. 'னை'யில் முன்னால் நிற்க வேண்டிய குறி, எழுத்துக்குப் பின்னால் போயிருந்தது.

"சின்னப் புள்ளதானே, திருத்திட வேண்டியதுதானே?"

"திருத்துனேன்டி. என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி டிவியைக் காட்டுறா. அங்க அப்படித்தான் இருக்கு!"

காது கேட்கிற பிள்ளைக்குச் சொல் முதலில் ஒலியாக வந்துவிடுகிறது. அந்தச் சிறுமிக்குத் திரையில் தெரிவதுதான் சொல். அவள் தப்பாக எழுதவில்லை, பார்த்ததை எழுதியிருந்தாள். வீடியோவைச் சுருக்கும்போது எழுத்தைப் படத்தோடு சேர்த்து ஒட்டும் இடத்தில் மென்பொருள் குறிகளைக் கலைத்துவிடுகிறது என்று சோதித்துப் பார்த்தபோது புரிந்தது.

மென்பொருளை நடத்துகிறவருக்கு, சரியான எழுத்து, கலைந்த எழுத்து இரண்டின் படங்களோடு எழுதினேன். வேறு ஏதோ நாட்டிலிருந்து அவர் பதில் போட்டார்: "எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. இதில் எது சரி?"

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு, பர்மிய எழுத்தைக் காட்டி என்னிடம் கேட்டால் நானும் இதைத்தானே கேட்பேன் என்று தோன்றியது. தாளில் சரியானதையும் தவறானதையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, வட்டம் போட்டு அனுப்பினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆனால் என்னால் இதைச் சோதிக்க முடியாது. நீங்களே திருத்துகிறீர்களா?"

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் மற்றவர்கள் எழுதிய நிரலைச் சோதித்ததுதான் என் பழக்கம். சொந்த நிரலை அனுப்பக் கை தயங்கியது. அனுப்பினேன், குறிப்புகளோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. மழைக்காலம் முடியும்போது ஏற்றுக்கொண்டார்கள். புதிய பதிப்பின் மாற்றங்களில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அந்தப் பதிப்பில் பாடத்தை மறுபடி சுருக்கி அந்தச் சிறுமிக்கு ஓட்டிக் காட்டிய அன்று, அக்கா பள்ளியிலிருந்தே அழைத்தாள். "அவ ரொம்ப நேரம் டிவியையே பாத்தாடி. அப்புறம் அவளே ரப்பரை எடுத்து அழிச்சிட்டு எழுதிட்டா. நான் ஒண்ணுமே சொல்லல."

அண்மையில், அடுத்த பெரிய பதிப்பில் என்னென்ன செய்வது என்று இணையத்தில் கூடிப் பேசினோம். வேகம் கூட வேண்டும், கோப்பு இன்னும் சிறுக்க வேண்டும் என்றார்கள். அக்கா சொல்லி அனுப்பியதை நான் முன்வைத்தேன்: சைகை மொழி வீடியோவைச் சுருக்கினால் வேகமாக அசையும் விரல்கள் மங்கிவிடுகின்றன, முகமும் கையும் இருக்கும் இடத்தை மட்டுமாவது தெளிவாக விட வேண்டும். சிலர் தயங்கினார்கள். கோப்பு பெரிதாகும், வேலை அதிகம். நடத்துகிறவர் மறுக்கவில்லை. "செய்து காட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்" என்றார்.

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். அக்கா பள்ளி வராந்தாவில் நின்று சைகையில் ஒரு கதை சொல்லி, வீடியோ எடுத்து அனுப்புவாள். சுருக்கித் திருப்பி அனுப்புவேன். அடுத்த பதிப்புக்குள் முடியுமா என்று எனக்கே தெரியாது. நேற்று அனுப்பியதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"முன்னைக்கு இப்ப நல்லாருக்கு. ஆனா கட்டை விரல் இன்னும் கலங்குதுடி. அது தெரியலைன்னா அர்த்தமே மாறிடும்."