மண்ணைக் கழித்த பிறகு

லாரி போனால் சுந்தரேசன் பேச்சை நிறுத்திவிடுவார். சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை பாதியில் நிற்கும். வலது உள்ளங்கை பக்கத்துச் சுவரில் போய்ப் பதியும். போவன்பள்ளி காய்கறிச் சந்தைக்குப் போகிற வண்டி தெருமுனை தாண்டி, அதிர்வு அடங்கிய பிறகே கையை எடுப்பார். விட்ட எழுத்திலிருந்து பேச்சு தொடரும். பின்கட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கும் ரோஸ்லின், முதல் தடவை பார்த்தபோது அவருக்கு நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினாள். "கல்யாணம் ஆன நாள்லேந்து இப்படித்தான்" என்றாள் அவர் மனைவி பட்டு. "என் கையைக்கூட இப்படிப் பிடிச்சதில்ல."

அவருக்கு எழுபது நெருங்குகிறது. பொதுத்துறை ஆலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். வருகிற பாகத்தைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லை என்றால் ஒதுக்கிவைப்பார். ஓய்வுபெற்ற பின் தட்டுவதற்குத் தேங்காயும் தர்பூசணியும்தான் மிச்சம். சந்தைக்காரர்கள் அவரைக் கண்டால், "நக்கோ சாப், தட்ட வேண்டாம், எல்லாம் நல்ல காய்தான்" என்று முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

வீடு எந்த வருடத்தது என்று யாருக்கும் தெரியாது. ரயில்வேயில் இருந்த அவருடைய அப்பா ஒரு கன்டோன்மென்ட் கான்ட்ராக்டர் குடும்பத்திடமிருந்து வாங்கியது; வாங்கும்போதே பழைய வீடு. சுண்ணாம்புக் காரையில் கட்டிய முழ அகலச் சுவர். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிப் போட்ட மேல்தளம். வருகிறவர்களைப் பொறுத்து அதன் வயதைச் சொல்வார். சொந்தக்காரர்களுக்குத் தொண்ணூறு, புதியவர்களுக்கு நூற்றிருபது.

அந்த வயதே பின்னால் வம்பாக வந்தது. வீட்டில் பாதிப் பங்கு சென்னையிலிருக்கும் தம்பி அம்பிக்கு. அடுக்குமாடி கட்ட ஒருவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம் என்பது அம்பியின் கட்சி. சண்டை போட அம்பிக்கும் மனமில்லை. கடைசியில் போனில் ஒரு நிபந்தனை வைத்தார்: "அண்ணா, நீ ஸ்ட்ராங்னு சொல்றே, நான் இடியும்னு சொல்றேன். மூணாவது மனுஷன் சொல்லட்டும். ஒரு கம்பெனியாவது அந்த வீட்டை இன்ஷூர் பண்ணட்டும், நான் பில்டர் பேச்சே எடுக்கல. ஆடி முடியறதுக்குள்ள ஆகலேன்னா நீ கையெழுத்து போட்டுடணும்."

சரி என்று சொல்லிவிட்டார் சுந்தரேசன். லேப்டாப் வைத்திருப்பவள் என்பதால் வேலை ரோஸ்லினிடம் வந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கொண்டாப்பூரில் வேலை பார்ப்பவள். வீட்டில் முதல் பட்டதாரி. ஊரில் எந்த விண்ணப்பம் என்றாலும் தெருவே அவளைத்தான் கூப்பிடும். அவளும் எல்லாம் தெரிந்ததுபோல் நிரப்பிக் கொடுத்துவிட்டு, சரியாகத்தான் எழுதினோமா என்று ராத்திரி தூங்காமல் கிடப்பாள். இங்கும் அதுவே நடந்தது. கட்டிய வருடம் கேட்ட இடத்தில், தேர்ந்தெடுக்க இருந்த வருடங்கள் 1950இல்தான் தொடங்கின.

"அதுக்கு முன்னாடி வருஷம் இதுல இல்ல, பாத்துக்கிடுங்க அங்கிள்."

"அப்போ அவா கம்ப்யூட்டர்தான் தப்பு."

1950 என்று போட்டாள். அது பொய்யா, கிடைத்த உண்மையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வீட்டின் மதிப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு அவர் யோசிக்கவே இல்லை. இந்த ஊரில் எல்லோரும் சொல்வதுபோலத்தான் சொன்னார்: நானூறு கஜம், கஜம் லட்ச ரூபாய், நாலு கோடி. அவளும் அப்படியே அடித்தாள். இரண்டு கம்பெனிகள் வயதைப் பார்த்ததும் மறுத்துவிட்டன. ஒன்று காங்கிரீட் தளமா என்று கேட்டது. அதைவிட உசத்தி என்று இந்தியில் அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்கள். தருகிறோம் என்ற ஒன்றோ, வருடத்துக்கு அவருடைய நாலு மாதப் பென்ஷனைக் கேட்டது. குறைக்கச் சொல்லி, தினம் ஒரு நம்பரைப் பிடித்துக் கெஞ்சினார். ஆடி பாதி போயிருந்தது.

மாரேட்பள்ளி கோயிலில் பட்டுவுக்கு யாரோ சொல்லித்தான் கோபி வந்தான். பழைய கட்டடங்களையும் எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆள். இங்கேயே பிறந்து வளர்ந்தவன்; அவன் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும். சுவரை அளந்து, மொட்டைமாடி ஏறிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினான். வருடம் கேட்கவில்லை, அவர்கள் படிவத்தில் 'மிகப் பழையது' என்றே ஒரு கட்டம் இருந்தது. ரோஸ்லின் போட்டிருந்த மதிப்பைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"பூமியையும் சேத்துப் போட்டிருக்கீங்க. கைக்கு சார், எதுக்கு? பூமி எரியுமா, இடியுமா? கட்டடம் மட்டும்தான்."

ரோஸ்லினுக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வாரமாக மண்ணுக்கும் சேர்த்து விலை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபி மண்ணைக் கழித்தான். வயதுக்குத் தேய்மானம் கழித்தான். நாலு கோடி, வெறும் பன்னிரண்டு லட்சமாகச் சுருங்கியது. பிரீமியம் ஒரு மாதப் பால் செலவைவிடக் குறைவு. அவள் சிரித்தபடி சுந்தரேசனைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பன்னண்டா?"

"ஹவ் சார், பன்னண்டுதான்."

"வாசக் கதவைக் கழட்டித் தூக்கிப் பாருங்கோ. நாலு ஆள் வேணும்."

"நல்ல கதவுதான் சார். தேய்மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

"எங்க தேஞ்சிருக்கு? காட்டுங்கோ."

கோபியால் காட்ட முடியவில்லை. சுந்தரேசன் அவனை அறை அறையாகக் கூட்டிப்போனார். இருபது லட்சமாவது போடலாம் என்றார், அப்புறம் பதினெட்டு என்றார். மதிப்பை ஏற்றினால் பிரீமியம்தான் ஏறும், வீடு விழுந்தால் கம்பெனி தன் கணக்குப்படிதான் தரும் என்று கோபி பொறுமையாகச் சொன்னான்.

"குடுக்க வேண்டாம்" என்றார் சுந்தரேசன். "எழுதறச்சே மட்டும் எழுதுங்கோ."

சமையலறையிலிருந்து பட்டு, "இத்தனை நாள் கொறைக்கச் சொல்லிக் கெஞ்சினேள், இப்போ ஏத்தச் சொல்லிக் கெஞ்சறேள். அந்தப் புள்ளை என்னதான் பண்ணுவான்" என்றாள்.

ரோஸ்லினுக்கும் அதுதான் விளங்கவில்லை. அவருக்கு வேண்டியது பாதுகாப்பா, மரியாதையா? அவளுடைய அப்பா கட்டிய ஓட்டுவீட்டை யாராவது இப்படிக் கழித்துக் கழித்துச் சொன்னால் தான் என்ன செய்வோம் என்று யோசித்தாள்.

கோபி பன்னிரண்டிலேயே நின்றான். மறுநாள் பணம் கட்டும் லிங்க் ரோஸ்லினின் போனுக்கு வந்தது. சுந்தரேசனுடையது பட்டன் போன். கட்டிவிடட்டுமா என்று கேட்டாள். அவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஆடி முடிய மூன்று நாள்தான் இருந்தது. அவளே தன் பணத்தைக் கட்டினாள். பாலிசி வந்தது. அம்பியும் சொன்ன சொல் தவறவில்லை. "சரிண்ணா, இனிமே நான் வாயத் தொறக்கல" என்று அவர் சொன்னது, சந்தையில் அண்ணன் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. எவ்வளவுக்கு எடுத்தாய் என்று அவர் கேட்டதற்கு மட்டும் சுந்தரேசன், சந்தைக் கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று போனை வைத்துவிட்டார்.

கார்த்திகை வந்துவிட்டது. யாருக்கும் பாக்கி வைக்கிற மனிதர் இல்லை அவர். ரோஸ்லின் வாங்கிவரும் கொத்தமல்லிக் கட்டுக்கு, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சில்லறையோடு வந்து நிற்பார். அந்தப் பணத்தைப் பற்றி மட்டும் பேச்சில்லை. கேட்டால் தப்பா, கேட்காமல் விட்டால் அவரைச் சிறுமைப்படுத்தியதாகுமா என்று அவள் குழம்பிக்கொண்டே இருந்தாள். இந்த ஒன்றாம் தேதி வாடகை ரசீது கொடுக்க வந்தவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டாள்.

"அடடா" என்று பர்ஸை எடுத்துத் திறந்தார். "எவ்வளவும்மா கட்டினே?"

அவள் தொகையைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா, இந்த வீட்டுக்கு" என்றார். கொஞ்ச நேரம் திறந்த பர்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.