எட்டாவது வாரப் பாடம்

பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது என்னோடு இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சையைக்கூட முழுதாக எழுதியவனில்லை. மூன்று பாடம் எழுதினேன், நாலாம் நாள் சண்டை தொடங்கி மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். அதன்பிறகு பெர்லின், பாரிஸ், சுவிஸ் எல்லையில் ஒரு முகாம் என்று போனது. எந்த இடத்திலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. மூன்று நாடுகளில் என்னைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், மூன்றிலும் சரியான கடவுச்சீட்டு இல்லாததற்காக.

ரொறன்ரோவில் பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாத வயது வந்தவர்களுக்கு ஒரு இணைப்பு வகுப்பு இருந்தது. அதில் தேறினால் பல்கலைக்கழகத்தில் சேரலாம். தேறினேன். என்ன படிக்க விருப்பம் என்று கேட்ட பெண்ணிடம், ஆட்களை எதற்குப் பூட்டுகிறார்கள் என்று அறிய வேண்டும் என்றேன். அவர் விண்ணப்பத் தாளில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டார். அவ்வளவுதான் நடந்தது.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தின் ஒன்பதாம் தளத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். எங்களில் மூத்தவரை அண்ணை என்று கூப்பிடுவேன். மார்க்கம் என்ற பக்கத்து நகரில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் பக்டரி ஒன்றில் அவருக்கு வேலை. மற்றவர் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். கோப்பை கழுவுகிறவர் என்னைக் கண்டால், "என்ன லோயர், இண்டைக்கு ஆரை உள்ளுக்குத் தள்ளினீர்?" என்பார். நான் லோயருக்குப் படிக்கவில்லை என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அண்ணையின் மனைவியும் ஆறு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அண்ணையின் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு, அதாவது நாங்கள் லாண்டட் என்று சொல்வதற்கு, மூன்று பேருடைய பெயரையும் போட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். ஞாயிறு காலைகளில் ரெலிபோன் கார்ட்டில் பேசுவார். மகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ பயணம் வந்துவிடும், சேர்த்துவிட்டு இடையில் எடுப்பானேன் என்று மனைவி நினைத்தார். பிள்ளை லொட்ஜ் அறையில் படம் கீறிக்கொண்டிருந்தது. ஒரு படம் தபாலில் வந்தது. அதில் விமானத்துக்குப் படிக்கட்டு இல்லை, ஏணி சாத்தியிருந்தது. அண்ணை அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார்.

புரட்டாசி தொடங்கிய நேரம் அந்தச் சம்பவம் நடந்தது. கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் அண்ணை மெசினில் உடுப்பைப் போட்டுவிட்டு மேலே வந்திருந்தார். திரும்பிப் போனபோது வேறொரு ஆள் அவருடைய ஈர உடுப்புகளை அள்ளி நிலத்தில் எறிந்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டிருந்தார். வேலைச் சட்டையில் சப்பாத்துக் கால் பதிந்திருந்தது. அண்ணை அந்த ஆளைப் பிடித்துத் தள்ளினார். ஆள் மேசை விளிம்பில் விழுந்து புருவம் வெடித்தது. பொலிஸ் வந்து, தாக்குதல் என்று எழுதி, நீதிமன்றத்துக்கு, எங்கள் பேச்சில் கோட்டுக்கு, வர ஒரு திகதி கொடுத்துவிட்டுப் போனது.

"இதில என்ன கிடக்கெண்டு வாசி பாப்பம்," என்று அண்ணை பொலிஸ் தந்த தாளை என்னிடம் நீட்டினார்.

கோப்பை கழுவுகிறவர் அடுப்படியில் நின்று சொன்னார்: "நான் எண்டால் குற்றமில்லை எண்டுதான் சொல்லுவன். முதல்ல எறிஞ்சவன் அவனெல்லோ?"

"அப்பிடிச் சொன்னால் சாட்சி கூப்பிட்டு விளக்கம் வைப்பினம்," என்றேன் நான். "நாலைஞ்சு தரம் அலையவேணும். இஞ்ச கனபேர் ஒப்புக்கொண்டுதான் வழக்கை முடிக்கினம். போன கிழமைதான் படிச்சனாங்கள்."

"நாலைஞ்சு தரமோ? ரெண்டாந்தரம் லீவு கேட்டாலே போர்மன் வீட்டை போ எண்டிடுவான்."

"ஒப்புக்கொண்டால் ஒரே நாளில முடியும், அண்ணை."

"பாத்தியளோ, லோயரே சொல்லிப்போட்டார்," என்றார் கோப்பை கழுவுகிறவர். "நாங்கள் என்ன, கோப்பை கழுவுற ஆக்கள்."

நான் சொன்னது பொய்யில்லை. இரண்டாவது வாரத்துப் பாடம் அதுதான். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் கோட்டின் வேலை எவ்வளவு மிச்சமாகிறது என்று இரண்டு மணித்தியாலம் படிப்பித்தார்கள். ஒப்புக்கொண்டவருக்குப் பிறகு என்ன ஆகிறது என்ற பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.

அதே மாதம் எங்களுக்கு ஒரு வேலை தந்திருந்தார்கள். கோட்டில் போயிருந்து, நடப்பதைக் குறித்து, கட்டுரையாக எழுத வேண்டும். பேராசிரியர் தந்த தாளில் விதிகள் இருந்தன. பின்வரிசையில் இருக்க வேண்டும், யாரோடும் பேசக்கூடாது, எதிலும் தலையிடக்கூடாது. அண்ணையின் திகதியிலேயே அதையும் செய்துவிடலாம் என்று குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். அண்ணை கலியாண வீட்டுச் சட்டை போட்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியும் கையில் இருந்தது. மத்தியான ஷிப்டுக்கு நேரே போகும் எண்ணம்.

சொந்தமாக வழக்கறிஞர் வைக்காதவர்களுக்கு உதவ கோட்டில் ஒரு வழக்கறிஞர் இருப்பார். அன்று இருந்தவர் ஒரு பெண். கை நிறையக் கோப்புகள், வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். அறைக்கு வெளியே விறாந்தையில் நின்றபடியே கேள்வி கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். தள்ளியது உண்மையா? ஓம். முன்பு ஏதாவது வழக்கு? இல்லை. கடைசியாக, குடிவரவு விஷயத்தில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை. கேஸ் அக்செப்ட் எண்டு சொல்லு," என்றார் அண்ணை.

நான் சொன்னேன். தலையும் ஆட்டினேன். அவர் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அந்த நாட்களில் எங்களுக்குள் கேஸ் அக்செப்ட் ஆகிவிட்டால், அதாவது அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்டுவிட்டால், எல்லாம் முடிந்த மாதிரி. ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து, சனத்தைக் கூப்பிட்டுக் கொண்டாடுவார்கள். அதற்குப் பிறகு வரவேண்டிய லாண்டட் பேப்பரை யாரும் ஒரு தடையாக நினைத்ததில்லை. பிந்தும், ஆனால் தபாலில் வரும். பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டால் எங்கள் கட்டடத்தில் யாரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். அதைச் சொன்ன நான் குற்றவியல் மாணவன்.

உள்ளே பின்வரிசையில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வந்து அண்ணையின் பக்கத்தில் நின்றார். அண்ணை குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஏதாவது சொல்ல விருப்பமா என்று நீதிபதி கேட்டபோது இல்லை என்றார். ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நான்கு நிமிடம் என்று குறித்துக்கொண்டேன். வெளியே வந்து அவர் எனக்குக் கோப்பியும் டோனட்டும் வாங்கித் தந்தார். "நீ வந்தது நல்லதாப் போச்சு," என்றார். ஷிப்டுக்கு நேரத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

எட்டாவது வாரம் தண்டனைகள் பற்றிய பாடம். பேராசிரியர் வெளிச்சப் பெட்டியில் ஒரு தாளை வைத்துச் சுவரில் காட்டினார். மேலிருந்து இரண்டாவது வரியில், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் அவரைக் குற்றவாளியாகப் பதியாமல் நீதிமன்றம் விட்டுவிடலாம் என்றிருந்தது. முதல் தடவை, சிறிய குற்றம் என்றால் கேட்டுப் பார்க்கலாம் என்றார். நான் அதை எழுதிக்கொண்டேன். பின்னால் புரட்டி, கோட்டில் குறித்த அந்த நான்கு நிமிடத்தைத் திரும்ப வாசித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. சிறையும் இல்லாமல் முடிந்துபோன விஷயத்தைக் கிளறி அந்த மனுசனை ஏன் குழப்புவான் என்று நினைத்தேன்.

கட்டுரைக்கு நல்ல புள்ளி வந்தது. அண்ணையின் வழக்கு அதில் நான்காவது உதாரணம். பக்கத்தில், கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள் என்று பேராசிரியர் எழுதியிருந்தார்.

பனி கரைகிற காலத்தில் குடிவரவிலிருந்து கடிதம் வந்தது. அண்ணை உறையைப் பிரிக்காமலே என்னிடம் தந்தார். விசா என்று நினைத்திருந்தார், முகம் சிரித்தபடி இருந்தது. நான் இரண்டு தரம் வாசித்தேன். ஐந்து வருடம் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமொன்றில் அவர் குற்றவாளியாகப் பதியப்பட்டிருப்பதால் நிரந்தர வதிவிடம் தர முடியாது என்றிருந்தது.

"எனக்குச் சிறை தரேல்லையே?"

"தந்ததோ இல்லையோ எண்டு இவை பாக்கேல்லை, அண்ணை. ஆகக்கூட எவ்வளவு தரலாம் எண்டதைத்தான் பாத்திருக்கினம்."

"ஒரு தள்ளுக்கோ?"

"ஒரு தள்ளுக்குத்தான்."

கடிதத்தோடு பேராசிரியரிடம் போனேன். நல்ல மனிதர். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். குடிவரவுச் சட்டம் இந்தப் பாடத்தில் இல்லை என்றார். இலவசமாகப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரின் இலக்கத்தை எழுதித் தந்தார்.

வழக்கறிஞர் வழக்கு ஆவணங்களை வரவழைத்துப் பார்த்தார். அண்ணையை நாடு கடத்த மாட்டார்கள், அவர் அகதி, இருக்கலாம், வேலை செய்யலாம். குடும்பத்தைக் கூப்பிட முடியாது. நன்னடத்தைக் காலம் முடிந்து, மேலும் மூன்று வருடம் போனபின் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிந்திய மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டுப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம் என்றார்.

"தீர்ப்பு வந்து முப்பது நாளுக்குள் வந்திருந்தால் நேரே மேன்முறையீடு செய்திருக்கலாம்," என்றார்.

வீட்டுக்கு வந்து குறிப்புப் புத்தகங்களை எடுத்துத் திகதிகளைப் பார்த்தேன். அந்த எட்டாவது வார வகுப்பு, தீர்ப்பு வந்து இருபத்திரண்டாம் நாள் நடந்திருக்கிறது. இதை அண்ணையிடம் நான் சொன்னதில்லை. அடுத்த வருடம் படிப்பை விட்டுவிட்டு மேற்கே லொறி ஓடப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

வழக்கறிஞரைப் பார்த்த வாரத்து ஞாயிறு காலை அண்ணை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தார். கோப்பை கழுவுகிறவர் பகிடி எதுவும் விடாமல் தன் தேத்தண்ணியோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணை கொஞ்ச நேரம் பேசினார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நான் சொன்னா அவளுக்கு விளங்குதில்லை. நீ சொல்லு."

வாங்கினேன்.

"தம்பி, உங்களைப் பற்றி இவர் எந்த நாளும் சொல்லுறவர். சட்டம் படிக்கிற பிள்ளை கூட இருக்கிறது பெரிய காரியம் எண்டு. அண்டைக்குக் கோட்டில நீங்களும் இருந்தனீங்களோ?"

"ஓம் அக்கா."

"அப்ப நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். பின்வரிசையில் இருப்பவர் பேசக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்தது. விறாந்தையில் நின்று பேசியதும் நினைவுக்கு வந்தது.

"இல்லை அக்கா."

"எவ்வளவு காலம் செல்லும்?"

"மன்னிப்புக் கேக்கவே நாலு வருசம் செல்லும் எண்டு லோயர் சொல்லுறார். அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்."

அந்தப் பக்கத்தில் பிள்ளை, ஆரம்மா, ஆரம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தது. லொட்ஜின் வாசலில் ஏதோ வாகனம் ஹோர்ன் அடித்து ஓய்ந்தது.

"அப்ப இவளை இஞ்சயே பள்ளிக்கூடத்தில சேர்க்கட்டோ, தம்பி?"

அண்ணை குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேருங்கோ அக்கா."

"சரி," என்றார். "அவரிட்டக் குடுங்கோ."