நாலு ஆபரேஷன்ல எதுன்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன்

சேசுவுக்கே புகழ் மக்களே! சிரிக்காம படிங்க. எனக்கு மூலம். ஆமா, பைல்ஸ்தான்.

மழை ஆரம்பிச்சப்போ பாத்ரூம்ல ரத்தம். அப்புறம் தினமும். இந்தத் தீவுல, ஜங்லிகாட்ல எங்க வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குச்சு. செத்துருவேன்னே நினைச்சேன்.

டாக்டர், "குழாய் விட்டு உள்ள பாக்கணும், படு"ன்னார். அந்த ஸ்டீல் குழாயைப் பாத்ததும் பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டு, "சார், பாக்காமலே சொல்லுங்க"ன்னேன். கடுப்பாயிட்டார். "பாக்காம என்னத்த சொல்ல? வளையம் போடலாம், ஸ்டேப்ளர் அடிக்கலாம், லேசர்னா மெயின்லேண்ட் போகணும், ரொம்பப் பெருசுன்னா வெட்டித்தான் எடுக்கணும்."

ஓடி வந்துட்டேன்.

அப்புறம் ஃபுல் கன்ஃபியூஷன். ஸ்டேப்ளர்னா பேப்பர்ல அடிக்கிறதா? லேசர் சுடுமா? ஒரு வீடியோ ஆஹாங்குது, இன்னொண்ணு ஐயோங்குது. சென்னைக் கப்பல்ல அத்தனை நாள் எப்படி உக்காந்து போறது? "ஆண்டவரே, நாலுல எதுன்னு நீரே சொல்லும்"னு ஜெபமாலை சொன்னேன். பதிலே இல்ல.

அன்பியத்துல, அதான் எங்க தெரு ஜெபக் கூட்டத்துல, ஜெபிக்கச் சொன்னேன். வெக்கத்துல "வயித்துல ப்ராப்ளம்"னுட்டேன். எல்லாரும் வயித்துமேல கை வச்சு ஜெபிச்சாங்க. பக்கத்து வீட்டு ஜெசிந்தா ஆன்ட்டி வயித்துக்கு நல்லதுன்னு காரசாரமா நண்டு ரசம் வேற அனுப்பிட்டாங்க. மறுநாள் காலைல நான் பட்டது சேசுவுக்குத்தான் தெரியும்.

அடுத்த கூட்டத்துல ஆன்ட்டி, "வயிறு எப்படி மக்கா?"ன்னாங்க. அழுகையே வந்துருச்சு.

"வயிறு இல்ல ஆன்ட்டி... பைல்ஸ்."

படகு வச்சிருக்க சேவியர் மாமா உடனே, "அட கிறுக்கா, எனக்கும் அதாம்ல! ரப்பர் வளையம் போட்டாவ. உனக்குக் குழாய் விட்டுப் பாத்தாவளா?"ன்னார்.

"இல்ல மாமா."

"உள்ள பாக்காமலா ஆண்டவரைப் போட்டு இந்தப் பாடு படுத்துன? நாளைக்கு நான் வாறேன். டென்ஷன் மத் லே, கவலையை விடு!"

எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் மறுபடி ஜெபிச்சாங்க, இந்தத் தடவை நோயோட பேரைச் சொல்லி.

மறுநாள் ஆஸ்பத்திரியில மாமா வெளிய பெஞ்சில ஜெபமாலை உருட்ட, நான் கண்ணை மூடிப் படுத்தேன். டாக்டர் பாத்துட்டு, "சின்னதுதான்பா, வளையமே போதும்"னார். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. டிக்னு ஒரு சத்தம். மூலத்தோட அடியில ரப்பர் வளையம் ஏறிருச்சு. ரத்த ஓட்டம் இல்லாம அது வாடி, தானா விழுந்துரும்னார். விழுந்துருச்சு. ரத்தம் நின்னுருச்சு!

இன்னும் புரியல எனக்கு. மாமாவை அனுப்பினது பதிலா, என் வாயைத் திறக்க வச்சதுதான் பதிலா? தெரியல மக்களே. ஆனா ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், அது தெரியும். இப்போ எந்திரிச்சதும் நன்றி சொல்றேன், தண்ணி குடிக்கிறேன், கீரைகூட திங்கிறேன்!

சொல்லவே வெக்கமான நோவு உங்களுக்கும் இருந்தா, அவர்கிட்ட பேரைச் சொல்லியே கேளுங்க. அப்புறம் பேசாம போய்ப் படுங்க, டாக்டர் பாக்கட்டும்.