மலைப்பாதையில் கண்டக்டர்

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்த மனிதர், ஓய்வு பெற்றதும் உட்காருவார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவர் மலையேறப் போய்விட்டார். ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்கு, சனிக்கிழமை காலைகளில், பேர் கொடுத்தவர்களைக் கூட்டமாக அழைத்துப் போகிற வேலை. எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அப்போது நான் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். பேண்டேஜ் வாங்க வந்தவர், "சனிக்கிழமை உனக்கு லீவுதானேம்மா? முதலுதவிப் பையத் தூக்கிட்டுக் கடைசியில நடக்க ஒரு ஆள் வேணும்" என்றார். அப்படியே ஆறு வருடம் நடந்தேன். இன்றைக்கும் சனிக்கிழமை ஐந்தரைக்கு எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

வெள்ளிக்கிழமை மதியமே அவர் தனியாகப் போய் முழுப் பாதையையும் நடந்து பார்ப்பார். ஆடுகிற கல்லில் சாக்பீஸால் ஒரு வட்டம். குளவிக்கூடு தொங்கும் மரத்துக்கு இருபதடி முன்னால் ஒரு பெருக்கல் குறி. ஓடையில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் அந்த வாரம் வேறு பாதை. யார் கெஞ்சினாலும் மசியமாட்டார். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவர் இவ்வளவு உத்துப் பார்க்கல" என்பார் அவர் மனைவி.

மறுநாள் அடிவாரத்தில் எல்லோரையும் வட்டமாக நிறுத்துவார். செருப்பைப் பார்ப்பார், தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு பஸ்ஸில் டிக்கெட் கேட்ட அதே குரலில், "நெஞ்சுவலி, ஆஸ்துமா, சர்க்கரை, முழங்கால் வலி, யாருக்காவது இருக்கா? இப்பவே சொல்லிடுங்க" என்பார். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். தலைகளை எண்ணிவிட்டு நடக்கத் தொடங்குவார்.

அந்தச் சனிக்கிழமை பதினான்கு பேர். அதில் இரண்டு பெண்மணிகள் சம்பந்திகள். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா பள்ளி நூலகர். பெண்ணின் அம்மா தையற்கடை வைத்திருந்தார். "நீங்க முன்னால போங்க", "ஐயோ, நீங்க போங்க" என்று மரியாதை பலமாக நடந்தது.

செங்குத்தான வளைவு ஒன்றில் நூலகர் திடீரென்று நின்று, "என்னைத் தள்ளிவிடப் பார்க்கறீங்களா?" என்று சம்பந்தியிடம் சீறினார். தையற்கடை அம்மாவின் முகம் செத்துவிட்டது. மற்றவர்கள் மரங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். குடும்பச் சண்டை, நாம் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று நானும் ஒதுங்கி நின்றேன்.

முன்னால் போன கண்டக்டர் திரும்பி வந்தார். "பள்ளத்துப் பக்கம் யாரும் நிக்காதீங்க. எல்லாரும் பாறையை ஒட்டி நில்லுங்க." பிறகு நூலகரை மெல்ல உட்காரவைத்து, காதருகே குனிந்தார்.

"காலைல ஊசி போட்டீங்களாம்மா?"

அவர் ஆமென்று தலையசைத்தார். குளிர்காற்றிலும் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று கையை ஆட்டினார். "குளுக்கோஸ்" என்று கண்டக்டர் என் பக்கம் கையை நீட்டினார். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். "அவசரமில்ல, கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க" என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் நூலகருக்குக் கண் தெளிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "சம்பந்திக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"எனக்கும் எட்டு வருஷமா சர்க்கரை இருக்கு" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்கடை அம்மா. "பையில மாத்திரை வச்சிருக்கேன். உங்க முன்னாடி எப்படிப் போடறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்." இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பகிர்ந்துகொண்டார்கள்.

கண்டக்டர் கூட்டத்தை அத்தோடு கீழே இறக்கிவிட்டார். கடைசியாக நடந்த என்னோடு சேர்ந்துகொண்டார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை பஸ்ல ஒரு ஆள் உளறிட்டு, எல்லார்கிட்டயும் வம்புக்கு நின்னார். குடிச்சிருக்கார்னு நினைச்சு பாதி வழியில இறக்கிவிட்டுட்டேன். ரோட்டோரம் மயங்கிக் கிடந்தவரைப் பின்னால வந்த பஸ்காரங்கதான் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. சர்க்கரை இறங்கியிருக்கு. பிழைச்சுக்கிட்டார். ஆனா அவரை விட்டுட்டு பஸ்ஸைக் கிளப்ப அன்னிக்கு நான் ஊதின விசில் இருக்கே..." என்று தலையை ஆட்டினார். "இன்னிக்கும் தப்பு என் மேலதான். பதினாலு பேர் முன்னால கேட்டா யாரும்மா சொல்லுவாங்க?" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, தணிந்த குரலில் கேட்டார். கிளம்ப அரைமணி தாமதமானது. முணுமுணுத்தார்கள். ஆனால் எத்தனை சங்கதிகள் வெளியே வந்தன! வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஒரு காது கேட்காதவர். புருஷனுக்கே இன்னும் சொல்லாத மூன்று மாதக் கர்ப்பத்தைக்கூட ஒரு பெண் அவரிடம் சொன்னாள். யார் ரகசியத்தையும் அவர் என்னிடம் பெயரோடு சொன்னதில்லை. "நீலச் சட்டைக்காரர் பக்கத்திலயே நட" என்பார், அவ்வளவுதான்.

அறுபத்தாறு வயதில் கண்ணில் புரை விழுந்தது. யாரும் சொல்வதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். ஆபரேஷன் முடிந்து திரும்பக் கூப்பிட்டபோதும், "புதுசா வந்தவர் நல்லாத்தான் கூட்டிட்டுப் போறார்" என்று மறுத்துவிட்டு, பேர் கொடுத்து வருகிறவர்களில் ஒருவராக நடக்க வந்தார்.

அன்று உச்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இங்கேருந்து எங்க வீட்டு மொட்டைமாடி தெரியுதே" என்றார். "எட்டு வருஷமா ஏறியிருக்கேன். தரையையும் உங்க எல்லார் காலையும் தவிர ஒண்ணையும் பார்க்கலை போலிருக்கு."